சத்தமாகப் படி

"ஸ்டூலச் சுவத்தோரமா இழுத்துப் போட்டுச் சத்தமா படி, லோஜினி! பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்!" என்றார் வீரய்யா.

"கோ, வென்ட், கோன்! ஈட், ஏட், ஈட்டன்!" கத்தினாள் லோஜினி.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்பார்கள். இப்போது அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் வீரய்யாவின் சொந்த அண்ணன். அண்ணன் வீட்டுக் கோழி தம்பியின் லீக்ஸ் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோழி மட்டும் வந்து போகிறது.

"நான்தான் போன வருசமே ஓ.எல். பரீட்சையில இங்கிலீஷுக்கு ஏ எடுத்துட்டேனேப்பா."

"எடுத்தா மறக்காதா? அண்ணன் மவ சுதர்ஷினி ஃபெயிலானவ. எம் மவ இங்கிலீஷு அவ காதுல விழட்டும்!"

"பாவங்க அந்தப் புள்ள," என்றாள் அவர் மனைவி அழகம்மா, ரொட்டி தட்டியபடி. "இந்த வாட்டியும் தவறுனா படிப்ப நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பிருவாராம் உங்க அண்ணன். தண்ணி புடிக்கிற பீலிக்கரையில பேசிக்கிட்டாங்க."

"அனுப்பட்டும். நீ வெளக்கம் சொல்லிப் படி, லோஜினி. வெறும் சொல்லக் கத்துனா மண்டையில நிக்காது."

"நேத்துன்னு நாளச் சொல்லிட்டா 'ஐ வென்ட்'. முன்னால 'ஹேவ்' வந்து நின்னா 'ஐ ஹேவ் கோன்'..."

டொக்! அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் ஒரு தட்டு.

"எரிச்சலப் பாரு!" வீரய்யாவுக்கு ஏக சந்தோஷம். "விடாத! திரும்பச் சொல்லு!"

திரும்பச் சொன்னாள்.

டொக், டொக்!

"ஹா! இன்னும் எரியுது! அடுத்ததுக்குப் போ!"

பரீட்சை முடியும்வரை தினமும் இதே கூத்துத்தான்.

முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தது. "சுதர்ஷினிக்கு இங்கிலீஷ்ல பி!" என்ற சத்தம் சுவருக்கு மேலாக ஏறி வந்து விழுந்தது.

வீரய்யா ரொட்டியைத் தட்டில் வைத்தார். "டியூசனுக்கும் போகாத புள்ள எப்புடி பாஸானா?"

லோஜினி சுவரைக் காட்டினாள். "ஏசாதீங்கப்பா. அது எரிச்சல்ல தட்டுனது இல்ல. ஒரு தட்டுன்னா 'திரும்பச் சொல்லு'. ரெண்டு தட்டுன்னா 'வெளங்கிருச்சு'. நானும் சுதர்ஷினியும் பேசி வச்சதுப்பா."

வீரய்யா எழுந்துபோய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பெரிய ரகசியம்! ஏ எடுத்தவள எதுக்குச் சுவத்தோரமா உக்கார வச்சுக் கத்த விட்டேன்னு நெனச்ச? அண்ணங்கூடதான்டி எனக்குப் பேச்சில்ல. அவளும் எம் மவதானே!"