முகம் பார்க்கும் டாக்டர்

எம்.டி. படிப்பதா, டி.ஓ. படிப்பதா? ஒஹாயோவில் எதைப் படித்தாலும் டாக்டர்தான், டி.ஓ.க்காரர்கள் கூடுதலாக முதுகு, கழுத்தை நீவிச் சரிசெய்யவும் கற்பார்கள். வெஸ்லி டி.ஓ. என்று முடிவெடுத்துவிட்டான். கோடை முழுக்கக் கிளினிக்கில் வேலையைப் பார்த்துப் பழக இரண்டு டாக்டர்களின் பின்னாலேயே அலைந்த மேதைக்குத் தெரியாதா, எது ஒசத்தி என்று?

டாக்டர் ஹோல்கம், நோயாளியின் முதுகைத் தடவிக்கொடுத்து, வீட்டு நாய் வரைக்கும் நலம் விசாரிப்பார். டாக்டர் பிரெண்டிஸோ கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

வெஸ்லி ஹோல்கமிடம் போய் நின்றான். "உங்கள மாதிரியே நானும் டி.ஓ. படிக்கப்போறேன் டாக்டர்! ஒரு டி.ஓ. டாக்டரோட சிபாரிசுக் கடிதம் வேணுமாம். நீங்கதான் தரணும்."

"ஏன் டி.ஓ.?"

"எம்.டி.க்காரங்க கம்ப்யூட்டரப் பாப்பாங்க, டி.ஓ.க்காரங்க மனுஷன் மூஞ்சியப் பாப்பாங்க. யார் எதுன்னு ஒரே பார்வைல சொல்லிடுவேன் டாக்டர்!"

ஹோல்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எப்போதும் திரும்பியே தொங்கும் தன் அடையாள அட்டையை நேராக்கிக் காட்டினார். எம்.டி. என்றிருந்தது.

"முதுகத் தடவுறது எங்கம்மாகிட்டருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம்ப்பா. நீ தேடுற டி.ஓ. பக்கத்து ரூம்ல இருக்கார், போ."

வெஸ்லி அசடு வழியப் பக்கத்து அறைக்குள் நுழைந்து, மென்று விழுங்கிக் கடிதம் கேட்டான்.

பிரெண்டிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தாராளமா தரேன் தம்பி. டி.ஓ. ஏன் புடிச்சுதுன்னு மட்டும் சொல்லு, அப்படியே டைப் அடிச்சுடுறேன்."