ஆறரை அடி

கோபன்ஹேகன் போலீஸ் நிலையம். வீங்கிய கண்ணோடு எதிரே உட்கார்ந்திருந்த எஸ்பனை அதிகாரி டோர்கில் மேலும் கீழும் பார்த்தார். ஆறரை அடி உயரம். வாசலை அடைக்கிற தோள்கள்.

“அடிச்சவன் எவ்வளவு பெரிய ஆளு?”

“என் தோள் உயரம்தான் சார். குடிச்சிருந்தான். அவன் வழக்கமா உட்கார்ற பெஞ்சில நான் உட்கார்ந்துட்டேனாம்.”

“திருப்பி அடிச்சியா?”

“இல்ல சார். ஓடிட்டேன்.”

டோர்கில் பேனாவைக் கீழே வைத்தார். “இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஓடி வந்தியா? ஆம்பளைதானே நீ? எங்க அக்காவா இருந்தா அவனைத் தூக்கிக் கால்வாயில போட்டிருப்பா.”

“போன வருஷம் போட்டேனே சார். இதே ஆளைத்தான். அப்போ இதே நாற்காலியில என்னை உட்கார வச்சு, ‘இவ்ளோ பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அவன் மேல கை வைப்பியா? ஆம்பளைன்னா ஒதுங்கி ஓடியிருக்கணும்’னு நீங்கதான் கேஸ் எழுதினீங்க.”

டோர்கில் தொண்டையைக் கனைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

“ஓடினியே, நடைபாதையிலயா, சைக்கிள் பாதையிலயா?”

“சைக்கிள் பாதையில சார்.”

“அதானே பார்த்தேன். அதுல ஆள் ஓடக் கூடாது” என்று அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார் டோர்கில்.