இரண்டு கம்பிகள்

வேற்றுக் கோளின் காற்றில் இரண்டு கம்பிகளை நீட்டி, அவற்றுக்கிடையே மின்சாரம் எவ்வளவு பாயும் என்று அளக்கப் போன எங்கள் ஆய்வுக்கலம், தரையில் மோதும்வரை பூஜ்யத்தையே அனுப்பியது.

"ஏம்மா, ரெண்டு கம்பியில ஒண்ணோட உறையைக் கழட்டாமலே அனுப்பியிருக்கியே, கண்ணை எங்க வச்சிருந்த?" இயக்குநர் தன் அறையில் எல்லார் முன்னாலும் என் மேல் எரிந்து விழுந்தார்.

எனக்கும் ரத்தம் கொதித்தது. "கடைசி நாள் எங்க யாரையும் கலத்துக்கிட்ட விடாதது யாரு சார்?"

"பழியை என் தலையில கட்டாத. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு."

"கிளம்புறேன் சார். அதுக்கு முன்னாடி கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அவரே பெரிதாக்கி மாட்டிய படம் சுவரில் இருந்தது. புறப்பாட்டு விழாவில், தன் கையால் கழற்றிய சிவப்பு உறையை உயர்த்திப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், கலத்தின் இன்னொரு கம்பியில், இன்னொரு சிவப்பு உறை.