அறுபத்து மூன்று தடவை

"அழிச்சிடும்மா, ஒரு பட்டன்தானே," என்றார் முதலாளி.

ஒரு பட்டன்தான். காரில் செருகியிருந்த என் ஸ்கேனர், 'எரர் கோட் எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டுவிட்டு, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்களைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ் ஆள் வருகிறார். அதற்குள் கார் நல்ல பிள்ளையாகிவிட வேண்டும்.

முப்பது டாக்சியும் இந்தப் பட்டறையும் அவருடையவை. அதில் இந்த ஒன்றுதான் போன செவ்வாய்க்கிழமை மழையில் வழுக்கிக்கொண்டு போய்ப் பேருந்து நிறுத்தத்தில் மோதியது. அங்கே நின்ற இரண்டு பேருக்குக் கால் முறிந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, டிரைவர்தான் தொண்ணூறில் வந்தான் என்று முதலாளி போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். டிரைவர் உள்ளே இருக்கிறான்.

கார் வேறு கதை சொன்னது.

இடது முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. கோட் சொன்னது இவ்வளவுதான். நிறையப் பேர் இதைப் பார்த்ததும் சென்சாரைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். கோட் தெருவைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பது என் பாடு.

தட்டிப் பார்த்தேன். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகும் வயர் உரசி உரசித் தேய்ந்து, உள்ளே இருந்த செம்பு பல்லிளித்தது. யாரோ மேலே டேப் சுற்றியிருந்தார்கள், அதுவும் பிரிந்து தொங்கியது. அந்த வயரில் தொடர்பு விட்டுப்போனால், பிரேக் போடும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் படுத்துவிடும். ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இறுகிக்கொள்ளும். ஸ்டீயரிங்கை என்னதான் திருப்பினாலும் கார் திரும்பாது.

எரர் கோட் இருந்த திரையிலேயே, தொடர்பு எப்போதெல்லாம் விட்டுப்போனது என்று காரின் கணினி குறித்து வைத்திருந்தது. முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன்னால். மொத்தம் அறுபத்து மூன்று தடவை. கடைசித் தடவை செவ்வாய்க்கிழமை, மோதுவதற்குச் சற்று முன்பு. அப்போது வேகம் நாற்பத்திரண்டு.

தொண்ணூறு என்று இருந்திருந்தால் தொண்ணூறு என்றே சொல்லியிருப்பேன். எனக்கென்ன வந்தது.

டிரைவர்கள் குறை எழுதும் நோட்டையும் புரட்டிப் பார்த்தேன். அந்த மூன்று வாரத்துப் பக்கங்களைக் காணோம். நோட்டில் கிழிக்கத் தெரிந்தவர்களுக்குக் காரில் கிழிக்கத் தெரியவில்லை. அதற்குத்தான் நான்.

"வயரை மாத்திட்டு அழிச்சிடு. அப்புறம் யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கையால் ஆயிரம் கோட் அழித்திருப்பேன், எல்லாம் பழுதைச் சரிசெய்த பிறகு. இதை அழித்தால் அப்புறம் அந்த மூன்று வாரமே கிடையாது. உள்ளே இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் நம்புவார்கள்?

'இல்லை'யை அழுத்தினேன். அடுத்து, பிரிண்ட். இரண்டு தாள் வந்தது.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். நாளைக்கு என்ன, இன்றைக்கே போகிறேன் என்று கையுறையைக் கழற்றி போனட் மேல் வைத்தேன். அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியவில்லை. அதை அவருக்குக் காட்டுவேனா?

இன்சூரன்ஸ் ஆள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இரண்டு தாளையும் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த வயரைப் படம் எடுத்தார், பல தடவை.

முதலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அவனுக்காகப் போய் வேலையை விடுறியே, அவன் உனக்கு யாரு?"

"யாருமில்ல சார்."

பொய்யில்லை. அவன் என்னை அடித்ததையெல்லாம் நீதிபதி முன்னால் சொல்லி விவாகரத்து வாங்கி நான்கு வருடமாகிறது. அன்றைக்கும் நடந்ததைத்தான் சொன்னேன். ஒரு அடிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.