சுக்கானில் ஒரு வெட்டு

“ஞாயித்துக்கெழம காலைல எட்டே காலுக்குத் தண்ணி எறங்க ஆரம்பிச்சிடும், படகெல்லாம் கெளம்பிடும், அண்ணே. அதுக்குள்ள இது கைக்கு வேணும்.”

கனகேஸ்வரி காரிலிருந்து தூக்கி வந்து போட்ட சுக்கான் மேசையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பாய்மரப் படகைத் திருப்புகிற சுக்கான். இடுப்பு உயரத் தேக்குப் பலகை.

எங்கே உடைந்தது என்று ராதாகிருஷ்ணன் கேட்டார். போர்ட் கிள்ளானில் இருபது வருடமாகப் படகு பழுது பார்க்கிறவர். ஆற்று முகத்தைத் தாண்டியதுமே உடைந்துவிட்டதாகவும், சீனர்களின் மீன் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்ததாகவும் அவள் சொன்னாள். காற்று பெரிதாக இல்லை. எதிலும் மோதவும் இல்லை.

“சாருக்கு ஒண்ணும் ஆகலையே, மேடம்?”

“அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு.”

புருஷனைப் பற்றிப் பேசிய அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. நடந்ததைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைப் பற்றித்தான் பேசினாள். பங்கோர் தீவு வரைக்கும், ஒரு படகுக்கு ஒரே ஆள். ஒரு வருடமாகக் காத்திருந்த போட்டியாம்.

அவள் போன பிறகு, பலகையை இறுக்கியிருந்த பித்தளைப் பட்டையைக் கழற்றினார். கை அப்படியே நின்றது.

உடைவில் பாதிதான் முறிந்த மரம். மறு பாதி நேர்க்கோடு. ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் மெழுகை உருக்கி ஊற்றி, வார்னிஷ் பூசி, பட்டையைத் திரும்ப மாட்டியிருந்தார்கள்.

வெளியாள் வேலை இல்லை. திருட்டுக்குப் பயந்து சுக்கானை ஒவ்வொரு முறையும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே எல்லாரும் செய்வது. வீட்டுக்குள் இருக்கிற ஒரு கைதான் இதைச் செய்திருக்க வேண்டும்.

அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு.

போலீசுக்குப் போகலாமா என்று யோசித்தார். பெரிய குடும்பம். பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்த வீடு. இவர் பேச்சு எடுபடாது. பழைய பலகையை ஒட்டாமல் புதுப் பலகையே இழைத்தார். மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் புருஷன் சிவசம்பு வந்தார். அரசாங்க அதிகாரி. பளபளக்கும் ஷூ. வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். படகுத் துறைப் பக்கம் வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரமாகவே நின்றார். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதன், பயம் இன்னும் தெளியவில்லை என்று ராதாகிருஷ்ணனுக்கு மனசு இளகிற்று.

கதவைச் சாத்திவிட்டு, உடைந்த துண்டை எடுத்துக் காட்டினார்.

சிவசம்பு சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “வேற யாருக்கிட்டயும் சொன்னீங்களா?” என்றார்.

“இல்ல சார்.”

“என் வைஃப்கிட்ட?”

“அவங்ககிட்ட எப்படி சார் சொல்றது?”

சிவசம்பு தலையைக் குனிந்துகொண்டார். “ஓம், அதுவும் சரிதான்.”

அவருக்கு அழுகை வருகிறதென்று நினைத்து ராதாகிருஷ்ணன் தேற்றினார். செய்த ஆளுக்கு அறிவு பத்தாது என்றார். சுக்கானை அறுத்தால் ஆற்று முகத்திலேயே உடைந்துவிடும், யாராவது வந்து காப்பாற்றிவிடுவார்கள். விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் சுக்கானைத் தொடவே மாட்டான். படகின் பின்பலகையில் சுக்கானைத் தாங்குகிற கொக்கி இருக்கிறது. உள்பக்கம் அதற்கு நாலு நட்டு. தளர்த்தி விட்டால் கரையோரம் ஒன்றும் தெரியாது. நடுக்கடலில் அலை அடிக்க அடிக்க ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அங்கே சுக்கான் போனால் ஆளும் போனதுதான்.

“அதனால கெளம்புறதுக்கு முன்னாடி அந்த நாலையும் கைவெச்சுப் பாத்துடுங்க சார். வீட்ல யாரையும் நம்பாதீங்க.”

எந்த அளவு ஸ்பானர் என்று சிவசம்பு கேட்டார். ராதாகிருஷ்ணன் ஒரு சிகரெட் அட்டையில் எழுதியே கொடுத்தார். சிவசம்பு அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கனகேஸ்வரி வந்தாள். புதுச் சுக்கானின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, அருமையான வேலை என்றாள். ராதாகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையாவது கேட்காமல் அவளை அனுப்ப மனசு வரவில்லை.

“நாளைக்கு சார் பத்திரமாப் போயிட்டு வருவாரு, மேடம். எல்லாம் தெரிஞ்சுகிட்டுத்தான் போறாரு.”

“அவரா?” அவள் நிமிர்ந்தாள். “அவரு எங்க போறாரு? போட்டிக்குப் போறது நான்லா. படகு எங்கப்பா எனக்குக் குடுத்தது. இவரு ஒரு நாளும் அதுல கால் வெச்சதில்ல, தண்ணின்னாலே பயம்.”

பிறகு, முதல் தடவையாகச் சிரித்தாள்.

“இன்னைக்குக் காலைலதான் அதிசயமா ஏறினாரு. கைல ஸ்பானர் வேற. பின்பக்கமாப் பூந்துகிட்டு ஒரு மணி நேரம் வெளிய வரல. கேட்டா, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம். அப்படி என்ன அண்ணே சொல்லிக் குடுத்தீங்க?”