ஏழாவது கட்டம்

“கடுதாசியில பதினேழு வருது மேடம்,” என்றாள் முன்வரிசைப் பெண்.

கரும்பலகையின் உச்சியில் 17 என்று எழுதி வட்டம் போட்டேன். சுண்ணக்கட்டி உடைந்து ஒரு துண்டு மேசைக்கு அடியில் ஓடியது.

ஆயிரம் வார்த்தைக்குப் பதினேழு ‘ஆனால்’.

“எதையும் முழுசா பாராட்ட மனசு வராத ஆளு,” என்றாள் ஜன்னலோரம் நின்ற என் சக ஆசிரியை. சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வகுப்பில் பாதி இலக்கியம், பாதி கணக்கு. அவளும் நானும் சேர்ந்து நடத்துகிறோம். பிள்ளைகள் அவளை ‘இலக்கியம்’ என்றும் என்னைக் ‘கணக்கு’ என்றும் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் சத்தமாக.

இந்தப் பருவத்துப் பாடம், எழுத்தை வைத்து எழுதியவரைக் கண்டுபிடிப்பது. பெரிய வார்த்தைகளை யாரும் மாற்றிப் போட்டு ஏமாற்றலாம். பொடி வார்த்தைகளை யாரும் யோசித்துப் போடுவதில்லை, கை தானாகப் போட்டுவிடும். அவற்றை எண்ணினால் ஆள் அகப்படுவார்.

இன்று எண்ணுவது கதையையோ கவிதையையோ அல்ல. பெயரில்லாமல் கல்லூரி முதல்வருக்குப் போன கடுதாசியை.

தட்டச்சில் இரண்டு பக்கம். இலக்கியம் வகுப்பில் கதை பேசிப் பொழுதை ஓட்டுகிறாள், மதிப்பெண்ணை வாரி இறைக்கிறாள் என்று. உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் அதில் இருந்தன. அதனால்தான் முதல்வர் அதைக் குப்பையில் போடவில்லை.

நான்கு மணிக்கு விசாரணை. எழுதியது யார், அவருக்கு என்ன கோபம் என்று காட்டினால் முதல்வர் விட்டுவிடுவார். காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும். தற்காலிக வேலை, ஒரு வரியில் முடித்துவிடலாம்.

மணி மூன்று இருபது.

நேற்று அவள்தான் கேட்டாள், நாம் சொல்லிக் கொடுப்பதை நமக்கே ஒரு தடவை செய்து பார்த்துவிடலாமா என்று. தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கடுதாசியில் பெயர்களை மையால் அடித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஆனால் பிள்ளைகள் மண்டு இல்லை. எப்போதும் கொட்டாவி விடும் பின்வரிசைகூட இன்று குனிந்து எண்ணிக்கொண்டிருந்தது.

அவளைத் தவிர எங்கள் ஆசிரியர் அறையில் ஏழு பேர். வரிசையாக ஏழு கட்டம் போட்டேன். கல்லூரி மலருக்கு அவரவர் எழுதிய கட்டுரைகளை, பெயரை வெட்டி, எண் போட்ட உறைகளில் வைத்திருந்தாள். எந்த எண் யாருடையது என்பது அவள் நோட்டில் மட்டும் இருந்தது.

முதல் உறை, நான்கு.

இரண்டாவது, ஒன்பது.

மூன்றாவது, ஆறு. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நான்காவது, மூன்று.

ஐந்தாவது, பன்னிரண்டு. வகுப்பே நிமிர்ந்தது. அவள் நோட்டைத் திறந்து பார்த்து, உதட்டைக் கடித்து, மூடினாள். அந்த ஆள் யாராக இருந்தாலும் இன்னும் ஐந்து போட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். ஆனால் பன்னிரண்டு பன்னிரண்டுதான்.

ஆறாவது, எட்டு.

என் முதுகில் சேலை ஒட்டிக்கொண்டது. ஏழாவதற்காகச் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

யாரும் எண் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மேசையில் ஆறு உறைகள், ஆறும் பிரித்தவை. எண்ணுவதே என் பிழைப்பு. ஆனால் காலையிலிருந்து உறைகளை எண்ணவில்லை.

அவள் அருகே வந்து என் காதோடு சொன்னாள். “உங்களோடத நான் வைக்கவே இல்லக்கா. கூடப் பொறந்தவ மாதிரி இருக்கறவங்களப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?”

பிறகு நோட்டைக் கைப்பையில் போட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியாள் எழுதியதாக இருக்கும், போய்ப் பார்க்கிறேன் என்றாள். மணி மூன்று நாற்பத்தைந்து.

இந்தப் பாடத்திட்டம் முழுக்க நான் எழுதியது. ஆனால் போன வருடம் கல்லூரி மலரில் வந்தது அவள் படம். ‘கணக்கு வரும் நாளில் நல்ல தூக்கம்’ என்று பிள்ளைகள் எழுதிய கருத்துச் சீட்டை நான்தான் மேசையிலிருந்து எடுத்தேன். அன்று மாலையே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகத்தான் நடத்துகிறாள், ஆனால் என்று கடுதாசியைத் தொடங்கினேன். ஒரு திட்டு விழும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

அவள் கதவருகே போய்விட்டாள்.

“கொஞ்சம் நில்லும்மா,” என்றேன்.

என் கட்டுரையில் நேற்றிரவே எண்ணிப் பார்த்திருந்ததை ஏழாவது கட்டத்தில் எழுதினேன். பதினாறு.

“உறையே இல்லயே மேடம், அது எப்படி வந்துச்சு?” என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

இலக்கியம் கேட்கவில்லை. கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.