நாலு விரற்கடை

சாயங்கால வெயில் புதுத் தகரக் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. துணி காயப்போட்ட இடத்தில் இப்போது காருக்கு ஒரு வீடு. ஆறு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கணவர் பிரிப்பதும் மாட்டுவதுமாகக் கிடந்த பழைய காரை மனைவியும் கொத்தனாரும் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணவர் கூரைக்கடியில் போகிறார். சுவரில் எங்கும் உரசவில்லை. "கச்சிதம்!" என்று கத்திவிட்டுக் கதவைத் திறக்கிறார். நாலு விரற்கடை திறந்ததும் அது சுவரில் டொக்கென்று இடிக்கிறது. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. கண்ணாடியை இறக்கலாமென்றால், சுற்றுகிற கைப்பிடி கழன்று சமையலறை அலமாரியில் கிடக்கிறது. "சார் குடுத்த அளவுதாம்மா, ஒரு நூல் பிசகல," என்கிறார் கொத்தனார். இடுக்கு வழியாகக் குரல் வருகிறது: "கதவை மூடி வெச்சுல்ல அளந்துட்டேன்."

கொத்தனார் மறுபடி காரில் கை வைக்கிறார். "வெளிய இழுத்துடலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க." மனைவி சிரிக்கவில்லை. சுவரோரம் கிடந்த அளவு டேப்பை எடுத்து, ஒரு குச்சி நுனியில் மாட்டி, கதவின் அந்த இடுக்கில் நீட்டுகிறாள்.

"இந்தத் தடவை, இறங்குற ஆளையும் சேர்த்து அளங்க."